சங்குமுனை வண்டியில் வந்த வாசம்

காணும் பொங்கலன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்குச் சங்குமுனையிலிருந்து வரும் பேருந்தில், முன்படிக்கட்டு வழியாக, யார் கையையும் பிடிக்காமல் ஒரு கருவாட்டுக் குழம்பின் வாசம் இறங்கி ஊருக்குள் நடந்துவரும் என்பது வெள்ளாங்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். குழம்பு வராது, சட்டி வராது, குழம்பு வைத்தவளும் வரமாட்டாள், வாசம் மட்டும் வரும். வாளைக் கருவாடு, பிஞ்சுக் கத்தரிக்காய், போன கோடையில் காயவைத்த மாங்காய் வற்றல், அம்மியில் அரைத்த தேங்காய், கடைசியாக நல்லெண்ணெயில் பொரிந்த சின்ன வெங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம், அவ்வளவு தெளிவான வாசம். பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு நிமிஷம் நின்று வெயிலைப் பார்த்துவிட்டு, பிறகு ஆற்றங்கரைப் பக்கம் திரும்பும்.

அது யாருடைய வாசம் என்று முதலில் நான்கு பேருக்குத்தான் தெரியும். நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சண்முகவடிவு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மரகதம், பள்ளிவாசல் தெருவில் தையல் சொல்லிக்கொடுக்கும் மைமூன், நெல் வயலில் தானே இறங்கி நின்று வேலை வாங்கும் உச்சிமாளி. ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் நான்கு பேரும் ஒரே பெஞ்சு. அந்தப் பெஞ்சின் ஐந்தாவது ஆள் பிரகாசியம்மாள், சந்தையில் கருவாட்டுக் கடை போட்டிருந்த மிக்கேலின் மகள்.

மத்தியானம் புங்கமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஐந்து டப்பாவையும் நடுவில் வைத்து, எல்லா டப்பாவிலிருந்தும் எல்லாரும் ஒரு கை எடுத்துத் தின்பது அவர்கள் வழக்கம். எட்டாவதில் ஒரு நாள் பிரகாசியின் அம்மா முதன்முதலாகக் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டாள். மூடியைத் திறந்ததும் பக்கத்து வட்டத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள், பள்ளித் தையல் டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள், பிரகாசியின் முகம் சுருங்கிப்போனது. வடிவு அப்போது வகுப்பு லீடர். எதற்கும் ஒரு ஒழுங்கு பண்ணிவிட வேண்டும் அவளுக்கு.

"ஏட்டி பிரகாசி, நீ கடைசியா தொற. எல்லாருந் தின்னு முடிச்ச பெறவு தொறந்தா ஒருத்தரும் எந்திரிச்சுப் போமாட்டாங்கல்லா?" என்றாள்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னதாக எல்லாரும் நினைத்தார்கள், பிரகாசியும் தலையாட்டினாள். ஆனால் சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிஷம், நான்கு டப்பாவும் காலியாகிக் கதையும் பேசி முடிக்கும்போது மணி அடித்துவிடும். ஐந்தாவது டப்பா திறக்கவே இல்லை. அந்த வருஷம், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், பிரகாசி நான்கு பேர் டப்பாவிலிருந்தும் தின்றாள், அவள் டப்பாவிலிருந்து ஒருத்தியும் தின்னவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலத்தடியில் உட்கார்ந்து, முடிந்த மட்டும் தானே தின்றுவிட்டு, மீதியை நாய்க்குப் போட்டுவிட்டு, டப்பாவை வாய்க்காலில் அலசிக்கொண்டு போவாள். இதை மரகதம் ஒரு நாள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களிடம் சொன்னாள். எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டார்கள். மறுநாளும் பிரகாசி டப்பா கடைசியாகத்தான் இருந்தது.

இதில் வடிவு யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அவளுக்கு அந்த வாசம் பிடிக்காமல் இல்லை. சன்னதித் தெருவில், முட்டை என்ற வார்த்தையையே தாழ்ந்த குரலில் சொல்லும் சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அந்த மூடி திறந்த முதல் நாள் வாயெல்லாம் எச்சில் ஊறிவிட்டது. ஊறிய எச்சிலைத் துப்பவும் தெரியாமல், விழுங்கவும் பயந்து, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை அது திறந்தால் தன் கை தானாக நீண்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளினாள். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு மிக்கேல் கடையைக் காலி பண்ணிக்கொண்டு குடும்பத்தோடு சொந்த ஊரான சங்குமுனைக்கே போய்விட்டார். பிரகாசி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு கல்யாணம், பிள்ளை, மாமியாருக்கு மருந்து, மகளுக்குக் கல்லூரி என்று இருபத்தேழு வருஷம் ஓடிப்போய், ஒரு தைமாதம் நான்கு பேருக்கும் ஒருசேர மூச்சு விட நேரம் கிடைத்தபோது, காணும் பொங்கலன்று ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் ஆளுக்கொன்று ஆக்கிக்கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். யார் என்ன கொண்டுவருவது என்று வடிவு தன் அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதினாள். மரகதத்துக்குப் பொங்கலில் மிஞ்சிய குழம்புகளைச் சேர்த்துச் சுண்டவைத்த சுண்டக்கறி, மைமூனுக்கு நெய்ச்சோறு, உச்சிமாளிக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், தனக்குப் புளிசாதம். பிரகாசி என்று எழுதி ஒரு கோடு இழுத்தவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நீ வந்தால் போதும், ஒன்றும் கொண்டுவர வேண்டாம்’ என்று எழுதினாள். தன் பெருந்தன்மையில் அவளுக்கே நெஞ்சு நிறைந்துபோனது. கடையில் நகல் எடுத்து, சங்குமுனை வண்டியின் கண்டக்டர் சுடலைமணியிடம் கொடுத்துவிட்டாள்.

பிரகாசி வரவில்லை. நான்கு பேரும் ஐந்து இலை போட்டு, ஐந்தாவது இலையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, படித்துறை வழியாக வாசம் ஏறி வந்தது. வந்து, வடிவுக்கும் மரகதத்துக்கும் நடுவில் அந்த இலைக்கு முன்னால் அமர்ந்தது. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைமூன்தான் முதலில் பேசினாள். "வா பிரகாசி," என்றாள்.

அந்த முதல் வருஷம் ஊர் கொஞ்சம் திண்டாடித்தான் போனது. எலி செத்துக் கிடக்கிறதென்று யாரோ சொல்ல, சுகாதார ஆய்வாளர் ஆள் வைத்து நிலையம் முழுக்க பினாயில் ஊற்றினார், வாசம் பினாயிலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சன்னதித் தெருவில் ஜன்னல்கள் படார் படாரென்று சாத்தப்பட்டன, வடிவின் புருஷன் கணக்கு வாத்தியார் சங்கரலிங்கம் தன் வீட்டு ஜன்னலைச் சாத்தியதோடு நிற்காமல் இடுக்கில் துணியும் அடைத்தார். இரண்டாம் வருஷமும் அதே தெரு வழியாகவே அது போனதால், தெருக்காரர்கள் கூட்டம் போட்டு, சந்தைத் தெரு வழியாகச் சுற்றிப் போகும்படி கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். வாசத்திடம் யார் போய்ச் சொல்வது என்ற இடத்தில் சண்டை வந்து கூட்டம் கலைந்தது.

மூன்றாம் வருஷம் நிலையத்தில் பூனைகள் காத்திருக்க ஆரம்பித்தன. பன்னிரண்டரைக்கெல்லாம் ஊர்ப் பூனை மொத்தமும் வந்து, மூன்றாம் நடைமேடையில் வரிசையாக வாலைச் சுருட்டி உட்கார்ந்து, வண்டி வந்ததும் எழுந்து, வாசத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஆறுவரை போய்வரும். அப்புறம் மனிதர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சோற்றைக் கண்டாலே குமட்டுகிற பிள்ளைத்தாய்ச்சிகளை மாமியார்கள் கூட்டிவந்து அது போகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்த்தினார்கள், அந்தப் பெண்கள் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றார்கள். பல்லெல்லாம் விழுந்து கஞ்சியிலேயே காலம் தள்ளிய கிழவர்கள் தட்டில் வெறுஞ்சோற்றை ஏந்திக்கொண்டு தெருவில் நின்று, வாசம் கடக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குள் வாரி வாரித் தின்று ஏப்பம் விட்டார்கள். சன்னதித் தெருவில் ஜன்னல்கள் சாத்தியே இருந்தாலும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விரல் இடைவெளி தெரிய ஆரம்பித்தது. யார் திறந்தது என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. சங்கரலிங்கம் வாத்தியார் அன்றைக்கு மட்டும் இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்வார்.

டிக்கெட் விவகாரம் ஒன்றும் வந்தது. நடுவழியில் ஏறிய பரிசோதகர், இருவர் சீட்டில் ஜன்னலோரம் ஆளில்லாமல் இருந்தும் யாரும் உட்காராமல் நின்றுகொண்டு வருவதைப் பார்த்துக் காரணம் கேட்க, வாசம் உட்கார்ந்திருக்கிறது என்று பயணிகள் சொன்னார்கள். அப்படியானால் டிக்கெட் எங்கே என்றார் அவர். பெண்களுக்குத்தான் இலவசமாயிற்றே என்று சுடலைமணி வாதாட, வாசம் ஆணா பெண்ணா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர் மடக்க, பின் சீட்டில் இருந்த மீன்காரி ஒருத்தி எழுந்து, "ஆம்பள வச்ச கொழம்புக்கு இப்படி ஒரு மணம் வருமாய்யா?" என்று கேட்டதில் வண்டியே சிரித்து, அவரும் சிரித்து, இலவசச் சீட்டு ஒன்று கிழித்து அந்த ஜன்னலோர இருக்கையின் மேல் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் போகவர இரண்டு சீட்டு. சுடலைமணி அந்த ஒரு நாளுக்காக யாரிடமாவது கெஞ்சி அந்த வண்டியிலேயே டூட்டி மாற்றிக்கொள்வான்.

நான்கரை வண்டிக்கு வாசம் திரும்பிப் போய்விடும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் வடிவுக்கு, அதுவும் பிரகாசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சங்குமுனை ஒன்றரை மணி நேரப் பயணம்தான் என்று தெரிந்தும் அவள் போகவில்லை. அடுத்த வருஷம் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் அதே தாளை நகலெடுத்துக் கொடுத்துவிட்டாள். வெட்கம் ஒரு பக்கம், லீடர் புத்தி ஒரு பக்கம்.

பத்தாவது வருஷம் வண்டி வந்து நின்றபோது பூனைகள் எழுந்திருக்கவில்லை. சுடலைமணி இறங்கி வந்து, "யக்கா, வந்திருக்கு. ஆனா ரொம்பத் தொய்ஞ்சுபோய் இருக்கு. வழியில ரெண்டு தடவ இருக்கான்னு மோந்து பாத்துக்கிட்டேன்," என்றான். தட்டேந்தி நின்ற கிழவர்கள் மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, வெறுஞ்சோற்றை வெறுஞ்சோறாகவே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மண்டபத்தில் அது வந்து உட்கார்ந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. உச்சிமாளி ஐந்தாவது இலையின் மேல் குனிந்து மோந்தாள்.

"இருக்குட்டி. மாங்காய் மட்டும் லேசா தெரியுது," என்றாள்.

"கருவாட்டக் கொறச்சிட்டாளோ?" என்றாள் மைமூன்.

"கருவாடு இல்லட்டி, மனசு," என்றாள் மரகதம். "ஒருத்தி பத்து வருசமா வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டு நின்னுட்டுப் போறா. எத்தன நாளு நிப்பா?"

வடிவுக்குக் கோபம் வந்தது. "நான் என்ன, கூப்பிடலையா? வருசா வருசம் எழுதிப் போடுதேம்லா?"

"என்ன எழுதுன? ஒரு தடவ சொல்லு, கேப்போம்."

"நீ வந்தா போதும், ஒண்ணும் கொண்டாராண்டாம்னு..." என்று தொடங்கிய வடிவு பாதியில் நிறுத்தினாள்.

"அதத்தான் மூணு வருசம் அவகிட்டச் சொன்னோம்," என்றாள் மரகதம். "ஒன் டப்பாவ மூடிட்டு எங்ககூடத் தின்னுன்னு. நீ இன்னமும் அதையே அழகா எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்க."

புளிசாதம் இலையில் அப்படியே இருந்தது. நான்கரை வண்டிக்கு வாசம் எழுந்தபோது வடிவும் எழுந்தாள். "நாளைக்குப் போலாம்டி, நாங்களும் வாறோம்," என்று மைமூன் கையைப் பிடித்தாள். "நாளைக்கு இது இருக்காது," என்று சொல்லிவிட்டு வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சுடலைமணி ஒன்றும் கேட்காமல் இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தான். ஜன்னலோரம் வாசம், பக்கத்தில் வடிவு. வயலும் வாழையும் போய்ப் பனை வந்து, பனையும் போய்ச் செம்மணல் மேடுகளாகத் தேரி வந்து, தேரியும் முடிந்து இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளை வெள்ளையாக விரிந்து, கடல்காற்று வண்டிக்குள் புகுந்து எல்லா வாசத்தையும் தனதாக்கிக்கொள்ளப் பார்த்தபோது, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவுகிற மாதிரி வடிவுக்குப் பகீரென்றது. ஷட்டரை இறக்கிவிட்டு, அந்த இருக்கையின் மேல் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கத்தரிக்காய், மாங்காய், தேங்காய், வெங்காயம் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டே போனாள். அவள் எதற்கும் இவ்வளவு ஏங்கியதில்லை.

சங்குமுனையில் இறங்கிய வாசம் மாதா கோயிலைச் சுற்றி, வலை உலர்த்தியிருந்த மணல் வெளியைக் குறுக்கே கடந்து, பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே, தரையில் ஒரு மண்சட்டிக்கு முன்னால், கண்ணாடி போட்ட, முடி நரைத்த ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டி குப்பென்று மணந்ததும் அவள் தலையைத் தூக்கினாள்.

"யாரது?"

"நான்தான்... சண்முகவடிவு."

"தெரியுது," என்றாள் பிரகாசி. ஏற இறங்கப் பார்த்தாள். "பெருத்துட்ட. உள்ள வா."

பாய் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அங்கன்வாடியில் வேலை, புருஷன் தவறி நாலு வருஷம், மகன் கப்பலில் என்று கேட்காததையும் சொன்னாள். பிறகு சட்டியைக் காட்டி, "இத ஒரு அதிசயம்னுதான் சொல்லணும். இந்த ஒரு நாளு மட்டும் காலைல ஆக்குனா மணமே இருக்காது, பச்சத்தண்ணி மாதிரிக் கெடக்கும். வெளக்கு வைக்கிற நேரத்துக்குத் திடீர்னு மணக்கும். அதுக்குள்ள எனக்குத் தின்ன மனசு போயிரும். பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருவேன்," என்றாள்.

வடிவு சொன்னாள். பன்னிரண்டு நாற்பது வண்டி, பூனைகள், கிழவர்கள், இலவசச் சீட்டு, ஐந்தாவது இலை எல்லாவற்றையும் சொன்னாள். பிரகாசி சிரிப்பாள் என்று நினைத்த இடத்திலெல்லாம் அவள் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அங்க வந்து உக்காந்துச்சா?" என்றாள் கடைசியில். "வெக்கங்கெட்ட கொழம்பு."

"நீ எதுக்கு வருசா வருசம் இன்னைக்குன்னு பாத்து ஆக்குத?"

"ஒன் லெட்டருதான். எல்லாரு பேருக்கு நேராவும் ஒண்ணு ஒண்ணு எழுதியிருந்த, எம்பேருக்கு நேரா ஒண்ணும் வேண்டாம்னு போட்டிருந்த. அதப் படிச்ச ஒடனே எந்திரிச்சுப் போயி கருவாட்ட எடுத்து இந்த நாளுக்குன்னு வச்சேன். ஏன்னு எனக்கே தெரியல. ஆக்கிட்டேன், கொண்டாரத்தான் கால் வரல."

அப்போதுதான் வடிவு, முப்பத்தெட்டு வருஷமாக உள்ளே வைத்திருந்ததை எடுத்தாள். இதைக் கேட்டால் பிரகாசியின் மனசு ஆறிவிடும் என்று அவள் நிச்சயமாக நம்பியிருந்தாள். "பிரகாசி, எனக்கு அது அருவருப்பு இல்லட்டி. எனக்கு வாய் ஊறும். நீ டப்பாவத் தொறந்த அன்னைக்கே ஊறிட்டு. எங்கே கை நீட்டிருவேனோன்னு பயந்துதான் ஒன்னக் கடைசியா தொறக்கச் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல, சத்தியமா."

பிரகாசி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அருவருப்புன்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "அதுல ஒரு ஞாயம் இருந்துச்சு வடிவு. சைவக்காரப் புள்ள, கொமட்டுது, அது என்ன செய்யும் பாவம்னு எப்பவோ ஒன்ன மன்னிச்சுட்டேன். மத்தவளுகளக்கூட மன்னிக்க நாளாச்சு, ஒன்னத்தான் மொதல்ல மன்னிச்சேன். ஆசப்பட்டுக்கிட்டேவா மூடச் சொன்ன?"

வெளியே மணலில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. வடிவு சட்டியைப் பார்த்து, "கொஞ்சம் போடு பிரகாசி. இப்ப திங்கேன்," என்றாள்.

"இல்ல," என்றாள் பிரகாசி. "பசிச்சா முறுக்கு இருக்கு, தாரேன். காப்பி போடுதேன். கொழம்பு தரமாட்டேன். இனிமே இந்த நாள்ல ஆக்கவும் மாட்டேன். ஏழு மணிக்குக் கடைசி வண்டி, விட்றாத."

வாசல்வரை வந்து வழி சொன்னாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல்தான் சாத்தினாள்.

அந்த வருஷம் முழுக்க வடிவு சரியாகச் சாப்பிடவில்லை. மரகதம் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துப் பார்த்தாள், சங்கரலிங்கம் வாத்தியார் காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். அடுத்த தை பிறந்து, காணும் பொங்கலன்று காலையில் அவள் குளித்துவிட்டுச் சந்தைக்குப் போய், சன்னதித் தெருவில் அதுவரை யாரும் செய்யாததாக, ஒரு முழு வாளைக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நடு வீதியில் நடந்து வந்தாள். செய்முறை யாரிடமும் கேட்கவில்லை, பத்து வருஷமாக மோந்து மோந்து எது முதலில், எது பிறகு என்று அவளுக்கு மனப்பாடம். புது மண்சட்டி வைத்து, எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்ட வாத்தியாரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, அவள் குழம்பு வைத்தாள்.

கொதித்தது. எண்ணெய் மிதந்தது. நிறம் அப்படியே இருந்தது. வாசம் மட்டும் இல்லை. வடிவு சட்டிக்குள் முகத்தை விடாத குறையாக மோந்து பார்த்தாள், வெந்நீருக்கு உள்ள மணம்கூட இல்லை. எதிர்வீட்டு மாமி ஜன்னலில் வந்து, "என்னமோ கருவாடு வாங்கிட்டுப் போனியாமே, ஒண்ணையும் காணோமே?" என்று ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டுப் போனாள். தனக்கு வாய்க்கவில்லை, தன் கைக்கு அது அமையாது என்று நினைத்து வடிவு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆனது ஆகட்டும் என்று சட்டியைத் துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நிலையத்தில் ஊரே நின்றது. பன்னிரண்டு நாற்பது வண்டி வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், வாசம் இறங்கவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடலைமணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு கிழவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "செத்துகித்துப் போயிட்டாளாய்யா அந்தப் பொம்பள?" என்று கேட்க, பக்கத்தில் நின்றவன் அவர் வாயைப் பொத்தினான். பத்து வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் அறுந்துபோக, கூட்டம் கலையவும் மனமில்லாமல் நின்றது. அப்போதுதான் பூனைகள் எல்லாம் ஒருசேரத் தலையைத் திருப்பின, சன்னதித் தெருப் பக்கமாக. எழுந்து வழிவிட்டு, மறுபடி பின்னால் சேர்ந்துகொண்டு, நின்றிருந்த வண்டியின் படிக்கட்டுவரை எதையோ கொண்டுவந்து விட்டன. சுடலைமணி மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினான்.

"யக்கோவ்," என்று வண்டிக்குள்ளிருந்து கத்தினான். "என்னமோ ஏறிருக்கு. சன்னலோரமா உக்காந்திருக்கு. அதே மாதிரிதான் இருக்கு, ஆனா அது இல்ல. யாரு வீட்டுதுக்கா இது?"

வடிவு சட்டியை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். "எங்க வீட்டுது," என்றாள். ஒரு மணிக்கு வண்டி கிளம்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாள்.

நான்கு பேரும் வாசமில்லாத குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்கள். வடிவு, ஐம்பத்து மூன்று வயதில், முதல் வாய் கருவாடு தின்றாள். உப்பு கண்ணில் நீர் வரவைத்தது. உப்புக்கு வாசம் கிடையாதே, அதை யாரும் மோந்து கற்றுக்கொள்ள முடியாது.

"கருவாட்ட ஊறவச்சுக் கழுவாம அப்படியேவா போட்ட, கோட்டிக்காரி?" என்று உச்சிமாளி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் யாரும் இலையை ஒதுக்கவில்லை, தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றார்கள். அந்த உப்பு வாசத்தோடு போயிருக்குமா என்று வடிவு கேட்டாள். போகாது என்று மைமூன் சொன்னாள். ஐந்தாவது இலையில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, சாய்ந்துவரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு, நாலேகால் வரைக்கும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டி வந்து நின்றபோது சங்கரலிங்கம் வாத்தியாரும் நிலையத்துக்கு வந்திருந்தார். வடிவு படிக்கட்டருகே போய் நின்று மூக்கை நீட்டினாள். டீசல், மல்லிகைப்பூ, ஈர வலை, வேறொன்றுமில்லை. சுடலைமணி கடைசியாக இறங்கினான்.

"அங்கன எறங்குச்சுக்கா. கோயிலச் சுத்திப் போச்சு, நானும் பின்னாலயே போனேன். பச்சக் கதவு சாத்தியிருந்துச்சு. வெளிய நின்னுச்சு, ரொம்ப நேரம் நின்னுச்சு."

"பெறவு?"

"அந்தக்கா கதவத் தொறந்தாங்க. வாசல்லயே நின்னாங்க. உள்ள போறதுக்கு வழியும் விடல, கதவச் சாத்தவும் இல்ல. நான் வண்டிக்கு வந்துட்டேன். ரெண்டே முக்காலுக்கு எடுக்கணும், டிரைவர் அண்ணங்கிட்டச் சொல்லிப் பத்து நிமிசம் நிப்பாட்டி வச்சேன், திரும்பி வருமேன்னு." சுடலைமணி கையிலிருந்த இலவசச் சீட்டை நீட்டினான், வருகைக்கு என்று கிழித்தது. "வரலக்கா."

வடிவு அங்கேயே தரையில் உட்கார்ந்து துணியை அவிழ்த்து, சட்டியில் மிச்சமிருந்த குழம்பின் மேல் குனிந்தாள். மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். ஒன்றுமே இல்லை. வாத்தியார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பயந்துபோய், "என்னாச்சு வடிவு? என்னாச்சு சொல்லு," என்று தோளைப் பிடித்தார்.

"அவ வச்சுக்கிட்டா," என்றாள் வடிவு.